‘சைனுவாசிட்டி’யும் புதுத் தகரமும்

புதுத் தகரத்தில் விழும் மழைக்கு ஒரு தனிச் சத்தம் உண்டு. பழைய தகரத்தில் அது இருமும், புதிதில் கைதட்டும். பூங்காவனத்து அத்தை வீட்டுக் கூரை கைதட்டியது இரண்டே மாதம்தான். அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதை எழுத இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

கிள்ளான் ஆறு எங்கள் கிராமத்தை, எங்கள் பேச்சில் கம்பத்தை, சுற்றி அரிவாள் போல வளைந்து போகும். வளைவின் உட்புறம் முப்பது பலகை வீடுகள், வரிசைக் கடைசியில் அத்தை வீடு, அதன் பக்கத்தில் முனியாண்டி சாமி குடியிருந்த பெரிய மரம். அத்தை எனக்கு உறவில்லை. கம்பத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் அத்தை, லோரி ஓட்டும் அவர் கணவர் கோவிந்தன் எல்லாருக்கும் மாமா. தண்ணீர் வற்றும் நேரத்தில் சேற்று வாடை அடுப்படிவரை வரும். யாராவது மூக்கைப் பொத்தினால், “ஆறு வளையிற எடத்துலதான் மீனும் தங்கும், மனுசனும் தங்குவான்” என்பார் அத்தை.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. அரசாங்கக் கடிதம் எந்த வீட்டுக்கு வந்தாலும், அதை இடைநிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளையின் கையில் கொடுப்பார்கள். பிள்ளை நின்றுகொண்டு படிக்கும், பெரியவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள்; பிள்ளை சொன்னதுதான் கடிதம். பதிமூன்று வயதில் அந்த இடம் எனக்கு வந்தது. ஆங்கிலத்தில் நான் வகுப்பிலேயே முதல் என்று அம்மா கம்பம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

அன்றைக்கு வந்த கடிதம் மலாயில் இரண்டே வரி. விவரம் இணைப்பில் என்றது. இணைப்போ ஆங்கிலம். மரத்தடியில் எல்லாரும் கூடியிருக்க, நான் படித்துக்கொண்டே போனேன். ஆற்றின் இந்தப் பகுதியில் எதையோ குறைக்கப் போகிறார்கள், ஆட்சேபம் இருப்பவர்கள் பதினான்கு நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்பதுவரை புரிந்தது. எதைக் குறைக்கிறார்கள் என்ற இடத்தில் ‘சைனுவாசிட்டி’ என்று ஒரு சொல் இருந்தது. அதை நான் அதற்குமுன் கண்டதே இல்லை.

“என்னா புள்ள, முழுங்கிட்டியா? எதைக் கொறைக்கிறானாம்?” என்றார் கோவிந்தன் மாமா.

தெரியாது என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் முப்பது வீட்டுக் கண்களும் என்மேல் இருந்தன, அம்மாவின் கண்களும்தான்.

“ஆத்து அழுக்கை, மாமா. சுத்தம் பண்ணப் போறாங்க.”

“அழுக்கை எடுக்கிறதுக்கு எவன் லா ஆட்சேபம் எழுதுவான்?” என்று எங்கள் ஊர்ப் பேச்சின் ‘லா’வைச் சேர்த்து மாமா கேட்க, மரத்தடியே சிரித்தது. அத்தை என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

மறுநாள் பள்ளி நூலகத்து அகராதியைப் புரட்டினேன். வளைந்து நெளிந்து போகும் தன்மை என்று போட்டிருந்தது. நேராகப் போனால் ஒரு மைலில் முடிகிற வழியை ஆறு ஒன்றரை மைலாகச் சுற்றி நடந்தால், அந்தச் சுற்றை அளந்து சொல்வதற்கு ஆற்றை ஆராய்கிறவர்கள் வைத்திருக்கும் சொல் அது. வாய்ப்பேச்சில் யாரும் புழங்குவதில்லை. அதைக் குறைப்பது என்றால் ஆற்றை நேராக வெட்டுவது. நேர்கோடு எங்கள் வீடுகளின் ஊடேதான் போக வேண்டும்.

சொல்லிவிடும் எண்ணத்தோடுதான் சாயங்காலம் ஓடி வந்தேன். மரத்தடியில் முனியாண்டிக்கு நன்றிப் பொங்கல் பொங்கியிருந்தது. முதல் கவளம் எனக்கு. மாமா லோரியிலிருந்து புதுத் தகரங்களை இறக்கிக்கொண்டிருந்தார். ஆறு சுத்தமானால் இனிக் காலத்துக்கும் இங்கேதான் என்று, அத்தை பல வருஷமாகக் கேட்டிருந்த கூரைக்கு அன்றுதான் அவர் மனம் வந்திருந்தது. பொங்கலை விழுங்கினேன், சொல்ல வந்ததும் அதோடு உள்ளே போனது. நாளைக்கு, நாளைக்கு என்றே பதினான்கு நாளும் கழிந்தன.

இயந்திரங்கள் வந்த காலையில் மாமா தானே கூரையேறி, தான் அறைந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பதிலுக்கு ஷா ஆலம் நகரத்தில் எங்களுக்குக் கொடுத்தது அடுக்குமாடி வீடு. நாலாம் மாடியில் தகரத்துக்கு என்ன வேலை? படிக்கட்டின் கீழே சாத்தி வைத்த அந்தத் தகரங்கள் துருப்பிடித்துத் தேய்வதைப் பார்த்துக்கொண்டேதான் நான் வளர்ந்தேன்.

படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில், படிப்பை விட்டு, பிரிக்பீல்ட்ஸ் புடவைக் கடைக்கு வேலைக்கு வந்தேன். மிச்ச ஆங்கிலத்தை அகராதியிடம் நானே கற்றுக்கொண்டேன். போன வருஷம் மாமா இறந்து முப்பதாம் நாள், அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எழுதிக் குடுத்திருந்தா மட்டும் விட்டிருப்பானா? அக்கரைக் கம்பத்துல எழுதித்தான் குடுத்தாங்க. அங்கயும் மிசின் வந்துச்சு.” பிறகு, “ஆனா அந்தக் கூரையைப் போட்டிருக்க மாட்டோம், கண்ணு. வெயில்ல முதுகு வெந்து போச்சு அந்த மனுசனுக்கு” என்றார்.

என் முகத்தைப் பிடித்து நிமிர்த்தினார்.

“அந்தச் சொல்லைச் சொல்லு.”

சொன்னேன். அத்தை இரண்டுமுறை அதை வாயில் உருட்டிப் பார்த்தார்.

“வளைவுன்னு எழுதக் கூடாதா லா?”

அங்கிருந்து கிள்ளானில் கம்பம் இருந்த இடத்துக்கு ஒரு வாடகைக் காரில் போனேன். ஆறு இப்போது நேராகப் போகிறது. கம்பம் இல்லை, மரம் இல்லை, சேற்று வாடைகூட இல்லை. தூர்த்த பழைய ஆற்றின்மேல் சாலை போட்டிருக்கிறார்கள். அது மட்டும் அன்றைய வளைவிலேயே வளைகிறது.

“ஏன் ஆன்டி, இங்க ஒண்ணுமே இல்ல, ரோடு மட்டும் எதுக்கு இப்படி சுத்துது?” என்றார் காரோட்டும் தம்பி.

“எனக்குத் தெரியும்பா” என்றேன். முதல் வீட்டிலிருந்து ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் வண்டியை மெதுவாக்கினார். அத்தை வீட்டுக் கூரைக்கு நான் வருவதற்குள் வளைவு முடிந்துவிட்டது.

“திரும்பி இன்னொரு தரம் போ, தம்பி” என்றேன்.