கேட்டால் தருவோம் என்ற வரி

சாலைக் கடைவீதியில் அரிசி மொத்தக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சிதான் என் பில்லிங் மென்பொருளை முதலில் வாங்கியவர். அவர் கடையில் எது ஓடுகிறதோ அதைத்தான் அந்த வரிசையில் மற்றவர்களும் கேட்பார்கள். அவர் கைவிட்டால் தெருவே கைவிட்ட மாதிரி.

மென்பொருளை ஒரே ஃபைலாகக் கட்டியிருந்தேன். பென்டிரைவில் கொடுத்தால் எந்தப் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். பிரிண்டரோடு பேசுவதற்கு, யாரோ எழுதி இலவசமாக விட்டிருந்த ஒரு லைப்ரரியையும், அதாவது ஆயத்த நிரல்தொகுப்பையும், அதற்குள்ளேயே சேர்த்துவிட்டேன். அதன் லைசென்ஸ் அதற்கு இடம் கொடுத்தது. என் நிரலை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. ஆனால் வாங்கியவர் அந்த லைப்ரரியைத் திருத்தி மறுபடி சேர்த்துக்கொள்ள வழி இருக்க வேண்டும். அதற்காக என் பங்கை, மனிதர் படிக்க முடியாத ஆப்ஜெக்ட் ஃபைல்களாகவாவது தர வேண்டும். ‘கேட்டால் தருவோம்’ என்று ஒரு மூலையில் பொடி எழுத்தில் போட்டுவைத்தேன். யார் கேட்கப்போகிறார்கள் என்ற தைரியம்தான்.

அண்ணாச்சி புது பிரிண்டர் வாங்கினார். அது ஒவ்வொரு பில்லிலும் கடைசி வரியை விழுங்கியது. இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று நான் நாளைக் கடத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

“தம்பி, அந்த ஆப்ஜெக்ட் ஃபைலத் தாங்க. மருமவன் கழக்கூட்டத்துல கம்ப்யூட்டர் கம்பெனியிலதான இருக்கான். அவன் சரியாக்கித் தாரேங்கான் கேட்டோ.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் உழைப்பை எப்படியாவது பிரித்துப் பார்த்து அவனே ஒரு மென்பொருள் செய்துவிடுவான் என்று கரமனையில் இருக்கும் வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொட்டித் தீர்த்தேன்.

“கேட்டா தரோம்னு எழுதினது நீங்கதானே? பின்னே ஏன் குதிக்கறேள்?” என்றாள், தோசையைத் திருப்பிக்கொண்டே.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஃபைல்களை அனுப்பினேன்.

சில நாள் கழித்துக் கடைக்குப் போனால், பில் முழுசாக வந்து விழுகிறது. திருத்திய லைப்ரரியை மருமகன் எனக்கும் அனுப்பியிருந்தான், மற்ற கடைகளிலும் போட்டுக்கொள்ளுங்கள் என்று. போட்டிக்கு ஒன்று செய்யும் நினைப்பே அவனுக்கு இல்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அண்ணாச்சி எலுமிச்சை ஜூஸ் வரவழைத்துக் கொடுத்தார். நான் பாதி குடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்.

“ஒங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன தம்பி. வேற சாஃப்ட்வேர்காரன இன்னைக்கு வரச் சொல்லியிருந்தேன். இத நம்மளே சரியாக்கிக்கிடலாம்னு மருமவன் சொன்னான். அதான் அவன வரவேண்டாம்னுட்டேன்.”