நாரையும் முறுக்கும்

பறவை பார்க்கும் வகுப்புக்கு முறுக்குப் பொட்டலத்தோடு வந்த மடையன் நான்தான். மதுரையிலிருந்து டொராண்டோவுக்கு ஒரு பருவம் படிக்க வந்தவனுக்கு இன்று ஸ்கார்பரோ சதுப்பு நிலத்தில் பாடம். ஒரு பறவையையாவது படம் எடுத்துக் கொடுத்தால்தான் மதிப்பெண். நடந்து நடந்து கால் கழன்று விழாத குறை; ஷூவுக்குள் பாதி சேறு. மற்றவர்கள் எடுத்து முடித்துவிட்டுப் பஸ்ஸில் தூங்குகிறார்கள்.

கடைசியில் நாணலோரம் ஒரு நீல நாரை நிற்கிறது. பக்கத்தில் ஒருவர் பெரிய கேமராவோடு மூச்சை அடக்கி நிற்கிறார். பசி தாங்காமல் முறுக்கைக் கடிக்கிறேன். கடக்! நாரை பறந்துவிடுகிறது.

பொட்டலத்தைப் பார்த்ததும் அவர் தமிழிலேயே திட்டுகிறார். "தம்பி, உந்த முறுக்கைக் கடிக்க வேற இடம் கிடைக்கேல்லையோ? விடியத் தொடக்கம் நிக்கிறன்."

"மன்னிச்சுக்கங்கண்ணே. அதை எடுத்தாத்தான் எனக்கு மார்க். திரும்பி வருமா?"

"தம்பி, நீர் போனா வரும்."