என் ஃபோல்டரில் அண்ணியின் பெயர்

எங்கள் அண்ணிக்குக் கோபமே வராது. அதுதான் எனக்கு எரிச்சல். சண்டை என்று வந்தால் எதிராளியும் நாலு வார்த்தை பேச வேண்டாமா? அவர் பாட்டுக்குக் கூந்தலைச் சுருட்டிக் கொண்டை போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பார்.

நாங்கள் இருவரும் சேர்ந்து போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறோம். முன்னறையில் அண்ணியின் கம்ப்யூட்டர். படங்கள் எல்லாம் அதில்தான். பின்னறையில், பிரிண்டருக்குப் பக்கத்தில் என்னுடையது. இரண்டும் லினக்ஸ். முன்னறை ஃபோல்டர்களை நெட்வொர்க் வழியாக நான் இங்கிருந்தே திறப்பேன். என் பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டுவிட, அன்று காலைதான் புதியதை நானே தயார் செய்தேன். அண்ணியின் கம்ப்யூட்டரில், அதைப் பயன்படுத்துவோர் பட்டியலில் அவர் முதல் ஆள், நான் இரண்டாவது. இதிலாவது நான் முந்திக்கொள்கிறேன் என்று என் பெயரை முதலில் சேர்த்துவிட்டு அவர் பெயரை அடுத்துச் சேர்த்தேன்.

தையல்கார அக்கா முன்னறையில் வந்து உட்கார்ந்திருந்தார். மறுநாள் அவருடைய புதுக்கடை திறப்பு. வாசலில் மாட்டப் பெரிய படம் வேண்டும். சரிசெய்து சேமிக்கப் போனால் அனுமதி இல்லை என்றது. முன்னறைக் கம்ப்யூட்டரில் இருக்கும் என் சொந்த ஃபோல்டர்! உரிமையாளர் யார் என்று பார்த்தேன். அண்ணி பெயர்.

எனக்குச் சுருக்கென்றது. முந்தின நாள்தான் ஒரு படத்தின் நிறத்தை வைத்து எங்களுக்குள் வாய்ச்சண்டை. வாய் என்னுடையது மட்டும்தான். முன்னறைக்குப் பாய்ந்தேன்.

“என் ஃபோல்டரை உங்க பேருக்கு மாத்திக்கிட்டீங்களா அண்ணி? என்னைப் பிடிக்கலேன்னா நேராச் சொல்லுங்க, வேற வேலை பாத்துக்கறேன்.”

தையல்கார அக்கா தண்ணீர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

“இங்க வந்து பாரு,” என்றார் அண்ணி. அவர் திரையில் அதே ஃபோல்டர் என் பெயரில் இருந்தது. அண்ணியின் கை கூந்தலுக்குப் போனது. பெயருக்குப் பதில் எண்ணைக் காட்டச் செய்தார்: 1001. பின்னறைக்கு வந்து பார்த்தால் அங்கேயும் 1001.

“இதுக்கு நம்ம பேரெல்லாம் தெரியாது, நம்பர்தான். முதல் ஆளுக்கு 1000, அடுத்த ஆளுக்கு 1001. என் மெஷின்ல 1001 நீ, இதுல நான். இங்கேருந்து என் படத்தையெல்லாம் நீ அழிக்கலாம், உன் படத்தைத் தொட முடியாது! யாரை முதல்ல சேர்த்தே?”

“என்னைத்தான்,” என்றேன். அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார்.

இரண்டு கம்ப்யூட்டரிலும் எங்கள் எண்களை ஒரே மாதிரி ஆக்கினால் போதும். என் கம்ப்யூட்டரில் இன்னும் ஒரு படமும் இல்லை. அதில் மாற்றுவது சுலபம். “நானே ரெண்டாவதாப் போயிடறேன்,” என்று திரும்பினால் அண்ணியைக் காணோம். முன்னறையில் உட்கார்ந்து தன் கம்ப்யூட்டரில் எங்கள் எண்களை மாற்றி, அங்கிருந்த அத்தனை படங்களையும் புது எண்ணுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டிருந்தார்.

“ஏன் அண்ணி, வேலை ஜாஸ்தியாச்சே?”

“ஆசையா முதல்ல சேர்ந்திருக்கே. இருந்துட்டுப் போயேன்.”

சொல்வதற்கென்ன, எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய்ச் சேமித்தேன். மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

படத்தை வாங்கிக்கொண்ட தையல்கார அக்கா என்னிடம், “வேற வேலை வேணும்னியே? என் கடையில பட்டன் தைக்க ஆள் தேடறேன்,” என்றார்.

“அவளை விடறதுக்கில்லே,” என்றார் அண்ணி, கொண்டையை அவிழ்த்தபடி. “இனிமே ரெண்டு மெஷின்லயும் அவதான் முதல் ஆள்.”