என் வீட்டுக்காரர் விழுந்த வீடியோ

என் நாத்தனார் பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த நாட்களில், எங்கள் வீட்டில் சாயங்காலம் சீரியல் பார்ப்பது நின்றுபோனது. அவள் போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைப்பாள். இரண்டு பேரும் கீரை ஆய்ந்துகொண்டே தெரு பாஸ்கெட்பால் வீடியோக்கள் பார்ப்போம். எங்கேயோ வெளிநாட்டில், கம்பி வேலி போட்ட மைதானம். எல்லைக் கோட்டை மிதித்துக்கொண்டு கூட்டம் நிற்கும். ஒருவன் பந்தை முதுகுக்குப் பின்னால் சுழற்றுவான், எதிராளியின் கால் நடுவே உருட்டிவிட்டு அந்தப் பக்கம் போய் எடுத்துக்கொள்வான். எதிராளி தடுமாறி விழுந்தால் போதும், கூட்டம் மொத்தமும் தலையில் கை வைத்துக்கொண்டு மைதானத்துக்குள் ஓடிவரும்.

நான் காலேஜ் டீமில் ஆடியவள். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கோச் ரொம்பக் கண்டிப்பு. பந்தைக் காலுக்கு நடுவில் ஒருமுறை தட்டியதற்கே, “இன்னா, சர்க்கஸ் காட்றியா?” என்று வெளியே உட்கார வைத்துவிட்டார். அதனாலோ என்னவோ, அந்த வீடியோக்கள் மேல் எனக்குத் தீராத ஆசை வந்தது. கல்யாணமாகி, பையன் எல்.கே.ஜி. போக ஆரம்பித்த பிறகு, முப்பதை ஒட்டிய வயதில் புதிதாக ஒரு பந்து வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் நாத்தனாரும் செஞ்சியில் ஒரு ஸ்கூல் கிரவுண்டுக்குப் போவோம். அங்கே வளையம் இருக்கிறது, வலை இல்லை. பின்னால் ராஜகிரி. மலையில் வெயில் ஏறி வருவதற்குள் ஆடி முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சிமெண்ட் தரை காலைச் சுடும்.

என் வீட்டுக்காரர் கிணற்று மோட்டார் ரிப்பேர் செய்கிற மெக்கானிக். ஒரு காலத்தில் கபடி ஆடியவர். ஆறடி உயரம், அதற்கேற்ற தோள். அவரைத் தரையில் சாய்த்தவன் இந்தத் தாலுகாவிலேயே கிடையாது என்பது அவரே அடிக்கடி சொல்லிக்கொள்வது. ஒரு ஞாயிறு எங்களைக் கூப்பிட்டுப்போக வந்தவர், நான் பழகுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“பந்த வச்சிக்கினு டான்ஸ் ஆடற. என்னைத் தாண்டிப் போயிடுவியா நீ?”

“வந்து நில்லுங்களேன்.”

செருப்பைக் கழற்றிவிட்டு, பேண்டை மடித்துக்கொண்டு, இரண்டு கையையும் விரித்துக் கபடிக்கு நிற்பதுபோலவே நின்றார். நாத்தனார் போனை எடுத்தாள்.

நான் வலது பக்கம் தோளைச் சாய்த்து ஓடுவதுபோல ஓர் அடி வைத்தேன். அவர் பாய்ந்தார். பந்தை என் காலுக்கு நடுவே தட்டி இடது கைக்கு மாற்றினேன். அவர் திரும்ப நினைத்தார், ஒரு கால் இன்னொரு காலைத் தடுக்கியது. பொத்தென்று சிமெண்ட் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் வளையத்துக்கு ஓடிப் பந்தை எறிந்தேன். அது வளையத்தில் பட்டு, கொஞ்சம் சுற்றிவிட்டு, வெளியே விழுந்தது.

அன்று மதியமே நாத்தனார் அதை வீடியோவாகப் போட்டுவிட்டாள். அவர் விழுவது ஸ்லோ மோஷனில், மேளச் சத்தத்தோடு. பந்து என் கையை விட்டதும் வீடியோ முடிந்துவிடும். இரண்டே நாளில் ஊர் முழுக்கப் பார்த்துவிட்டது. மோட்டார் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்த வல்லத்து ஆள் ஒருவர், “வுழுந்தவரு நீங்கதான?” என்று கேட்டிருக்கிறார். அன்று ராத்திரி இவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

“நான் வுழுந்தது நெஜம். ஆனா பந்து உள்ள போவல இல்ல? அத ஏன் காட்டல?”

“ஹைலைட்ஸ்னா அப்டித்தான் அண்ணா,” என்றாள் நாத்தனார்.

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. முழுசா போடு.”

மாமியாரும் மகன் பக்கம் சேர்ந்துகொண்டார். எனக்கும் அவர் கேட்பது நியாயமாகத்தான் பட்டது. “போட்டுடும்மா” என்றேன். நாத்தனார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு முழு வீடியோவையும் போட்டாள்.

உருண்டுபோன பந்தின் பின்னாலேயே ஓடியதில் நான் கவனிக்காதது ஒன்று அதில் இருந்தது. பந்து வெளியே விழுந்ததும் இவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, “போவல! போவல!” என்று கத்துகிறார். எழுந்து, பின்பக்கத்தைத் தடவிக்கொண்டே, கோப்பை ஜெயித்தவர் மாதிரி மைதானத்தைச் சுற்றி ஓடுகிறார். முதல் வீடியோவை விட இது பல மடங்கு பரவியது. பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அக்காகூட அவரைப் பார்த்தால் “போவல!” என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார். முதல் நாள் முறைத்தவர், மூன்றாம் நாள் கையை உயர்த்திப் பதில் சொன்னார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு முன்பே கிளம்பி நிற்பார். கடையில் ஆள் இல்லாதபோது அந்த வெளிநாட்டு வீடியோக்களைப் பார்ப்பதாகவும் கேள்விப்பட்டேன்.

அப்படி ஒரு ஞாயிறு, நாத்தனார் கோச்சிங் கிளாசுக்குப் போயிருந்தாள். நாங்கள் இருவரும் ஆடிவிட்டுத் திரும்பும்போது தொண்டூரிலிருந்து போன் வந்தது, மோட்டார் ஓடவில்லை என்று. பந்துப் பையோடு அப்படியே வண்டியைத் திருப்பினோம். அவர் ஸ்டார்ட்டரைச் சரிசெய்து முடிப்பதற்குள், களத்தில் வேர்க்கடலை காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

“யம்மா, நீதான அந்தப் பொண்ணு? ஒருவாட்டி செஞ்சி காட்டேன்!”

கடலையை ஒரு பக்கம் ஒதுக்கி, களத்தைக் கூட்டியே கொடுத்துவிட்டார்கள். அவர் எதிரில் வந்து நின்றார். நான் தோளைச் சாய்த்தேன். அவர் அசையவில்லை. காலுக்கு நடுவே தட்டினேன். பந்து இடது கைக்கு வரவேயில்லை, அவர் கையில் இருந்தது.

“எப்டிங்க?”

“உன் இடுப்பதான் பாத்தேன். கபடில ரெய்டு வரவன் கை காட்டுவான், தல காட்டுவான், எல்லாம் பொய். இடுப்பு மட்டும் பொய் சொல்லாது.”

எனக்குச் சந்தோஷமாகவும் எரிச்சலாகவும் இருந்தது. ஆனால் சுற்றி நின்ற பெண்களின் முகம் சுருங்கிவிட்டது. “வுழுவாருன்னு இல்ல நின்னுனு இருந்தோம்,” என்று ஒரு பெரியம்மா வாய்விட்டே சொல்லிவிட்டார்.

அவர் அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பந்தை என்னிடம் திருப்பிக் கொடுத்து, “இன்னொருவாட்டி வா” என்றார்.

மறுபடியும் தோளைச் சாய்த்தேன். இந்த முறை அவர் பாய்ந்தார், சுழன்றார், இரண்டு கையையும் ஆகாயத்துக்கு உயர்த்தி, ஒதுக்கிவைத்திருந்த கடலைக் குவியல் மேலேயே போய் மல்லாந்து விழுந்தார். பெண்கள் முறத்தைக் கீழே போட்டுவிட்டுக் கத்திக்கொண்டே களத்துக்குள் ஓடிவந்தார்கள். பந்தை மார்போடு பிடித்துக்கொண்டு நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தேன். அவர் சட்டைக்குள் கடலை புகுந்திருந்தது. ஒன்றை எடுத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, “இன்னும் ரெண்டு நாள் காயணும்” என்றார்.