மாலை போட்ட நம்பர் பிளேட்

ஒரு லாரியைப் பார்ப்பதற்காக ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, ரோட்டோரம் வெயிலில் காத்து நிற்கிற ஆண்களை நான் பார்த்திருக்கிறேன். ராஜபாளையத்திலிருந்து தென்காசிப் பக்கம் போகிற ரோட்டில், ஒரு டீக்கடைக்கு எதிரே புளியமரத்தடியில் நிற்பார்கள். எல்லாரும் வேலைவெட்டி உள்ளவர்கள்தான். ஒருவர் பஞ்சு மில்லில் ஃபிட்டர். இன்னொருவர் செல்போன் கடை வைத்திருக்கிறார். பக்கத்து ஊர்களிலிருந்து பைக்கில் வருகிறவர்களும் உண்டு. கேரளாவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிற லாரிகளில் அலங்காரம் பண்ணியது ஏதாவது தூரத்தில் தெரிந்தால் போதும், எல்லாக் கைகளும் மேலே போகும். கோயில் மணிக் கயிற்றை இழுப்பதுபோல முஷ்டியை மடக்கி இழுப்பார்கள். ஹாரன் அடி என்று அர்த்தம். டிரைவர் மனம் இரங்கி ஒரு ராகம் இழுத்துவிட்டால் அன்றைக்கு அவர்களுக்குத் தீபாவளி.

இந்தக் கூட்டத்தை எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர்கள் கொண்டாடுகிற லாரிகளில் முதல் லாரி என் தம்பியுடையது. பதினாறு சக்கர வண்டி. அவனே முதலாளி, அவனே டிரைவர். எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூட வேலை. அங்கேதான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அப்பாவும் அம்மாவும் போனபிறகு ராஜபாளையம் வீட்டில் தம்பி மட்டும்தான். வீடு என்று பேர். அவன் இருந்ததெல்லாம் ரோட்டில்.

வண்டியை அவன் இழைத்திருந்ததைச் சொல்ல வேண்டும். முகப்பு முழுக்கப் பளபளவென்று எவர்சில்வர். நெற்றியில் அகலமான ஒரு தகடு, அதில் வரிசையாக விளக்குகள். பக்கவாட்டில் அலையலையாக ஓவியம். பின்சக்கரங்களுக்குப் பின்னால் தொங்குகிற ரப்பரில் இரண்டு ராஜபாளையம் நாய்கள், வெள்ளை வெளேரென்று, மூக்கு மட்டும் ரோஸ் நிறத்தில். நான் வாழ்க்கைப்பட்ட ஊருக்கு மரியாதையாக டிரைவர் கதவில் ஒரு பச்சைக் கிளி. ராத்திரி எல்லா விளக்கையும் போட்டுவிட்டால் தெப்பமே ரோட்டில் நகர்ந்து வருகிற மாதிரி இருக்கும். அதை வீடியோ எடுத்துப் பாட்டுப் போட்டு செல்போன் கடைக்காரர் வெளியிடுவார். எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் பார்த்து இதயக் குறி போடுவார்கள்.

எனக்கு இது பிடிபடவே இல்லை. எரிச்சல் என்று சொல்ல மாட்டேன். தெரிந்துகொள்கிற ஆசைதான் அதிகம். வாத்தியார் வேலை பார்த்தால் எதையும் கேட்டுவிடுகிற பழக்கம் வந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை புளியமரத்தடிக்கே போய்க் கேட்டுவிட்டேன்.

“அப்படி என்னப்பா இருக்கு இதுல? லாரிதான?”

ஃபிட்டர் கொஞ்சம் யோசித்துச் சொன்னார். “மில்லுல எம்புட்டோ மெஷின் பாக்கேன்க்கா. ஒண்ணும் இருந்த எடத்த விட்டு நகராது. இது நகருதுல்லா.”

செல்போன் கடைக்காரர் சிரித்துக்கொண்டே, “பக்கத்துல போய் நின்னா நம்மளும் செத்த நேரம் பெரிய ஆளா ஆன மாதிரி இருக்குக்கா” என்றார்.

இரண்டு பதிலும் எனக்குப் பிடித்திருந்தன. ஆனாலும் முழுசாகப் புரிந்ததாகச் சொல்ல முடியாது. ஏனென்றால் என் கவலை வேறாக இருந்தது. லாரியை ரசிக்க இத்தனை பேர் இருந்தார்கள், லாரிக்காரனுக்குப் பெண் கொடுக்க ஒருத்தரும் இல்லை. தரகர் சொல்லும் வீட்டுக்கெல்லாம் நான்தான் ஏறி இறங்கினேன். பையன் நல்ல பையன், சொந்த வண்டி என்று ஆரம்பிப்பேன். “லாரியா?” என்று ஒரு இழுவை வரும். அதற்கப்புறம் காப்பி மட்டும்தான் கிடைக்கும். தம்பிக்கு வயது ஏறிக்கொண்டே போனது. வெளியே காட்டிக்கொள்ள மாட்டான். ஒரு இடம் தட்டிப்போனால் வண்டிக்குப் புதிதாக ஒரு விளக்கு மாட்டுவான்.

அப்படியிருக்கும்போதுதான் தேவதானத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பெண்ணின் அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது விவசாயம் பார்க்கிறார். பெண் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். ஜாதகம் பொருந்தியது, வண்டிக்கு முன்னால் தம்பி நிற்கிற போட்டோ அவர்களுக்குப் பிடித்தது. அவர் போனில் சுருக்கமாகச் சொன்னார்: “வீட்டப் பாக்க வாரோம். வண்டியையும் பாக்கணும். எங்க புள்ளையும் கூட வாரா.”

மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண்ணே வருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. எதற்கு வருகிறாள் என்று எனக்கு மண்டையைக் குடைந்தது. தம்பியோ ஒரே முடிவாக, “வீடியோல வண்டியப் பாத்திருப்பாக்கா. அதான்” என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இந்த இடம் எப்படியாவது கூடிவர வேண்டுமே என்று நான் மனசுக்குள் வேண்டாத சாமி இல்லை.

வேண்டிக்கொண்ட சாமிகளில் ஏதோ ஒன்று விளையாடிவிட்டது. அவர்கள் குறித்த வியாழக்கிழமைக்கு மறுநாள்தான் வண்டிக்கு எஃப்.சி. இருந்தது. வண்டி ஓடத் தகுதியானதுதான் என்று அதிகாரி பார்த்துச் சான்று கொடுக்கிற சமாச்சாரம் அது. அதற்குப் போகும்போது வண்டி கம்பெனியிலிருந்து வந்த கோலத்தில் இருக்க வேண்டும். ஊதுகுழல் ஹாரன், கூடுதல் விளக்கு, முன்பக்கத்துக் கம்பி, நெற்றித் தகடு எதுவும் இருக்கக் கூடாது. அதனால் இவர்கள் இரண்டு நாள் முன்னாலேயே எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். அதுவே ஒரு சடங்கு மாதிரி நடக்கும். ரசிகர்கள் லீவு போட்டுவிட்டு வருவார்கள். கழற்றிய ஒவ்வொன்றையும் துடைத்து, பழைய சேலையில் சுற்றி, லாரிப் பட்டறைக்காரர் வீட்டு மச்சில் அடுக்குவார்கள். சான்று வாங்கி வந்ததும் திரும்ப மாட்டுவார்கள்.

புதன்கிழமை நான் பட்டறைக்குப் போய்ச் சேரும்போது வண்டி மொட்டையாக நின்றது. தம்பி அதைவிட மொட்டையாக நின்றான்.

“நாள மாத்திக்கலாம்னு அவிய கிட்ட சொல்லிருதேன்” என்றேன்.

“வேண்டாங்க்கா. போன தடவ தள்ளிப்போட்டுத்தான் அந்த எடமே போச்சு. சகுனம் சரியில்லன்னுட்டாக.”

அது உண்மை. நான் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது, ஃபிட்டரும் செல்போன் கடைக்காரரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பிறகு திட்டத்தைச் சொன்னார்கள். சோழபுரத்தில் கூட்டாளி ஒருத்தரிடம் இதே கம்பெனி, இதே நிறம், இதே பதினாறு சக்கரத்தில் ஒரு வண்டி சரக்கில்லாமல் நிற்கிறதாம். கழற்றிய சாமான் அத்தனையையும் அதில் மாட்டி, வீட்டு வாசலில் நிறுத்திவிட்டால் போதுமாம்.

“வண்டிக்கு ஆள்மாறாட்டமா!” என்று கத்தினேன். பரீட்சை ஹாலில் வேலை பார்க்கிறவளுக்கு அந்த வார்த்தைதான் முதலில் வரும்.

“கதவுல கிளி இருக்காது. நம்பர் வேறயா இருக்குமே?” என்று மடக்கினேன்.

“கிளி, பக்கத்து ஓவியம் ரெண்டையும் அதே மாதிரி ஸ்டிக்கரா அடிச்சிருவோம், நாய் ரப்பரையும் மாத்தி மாட்டிருவோம். நம்பருக்கு மால போட்டுருவோம்க்கா. நல்ல காரியத்துக்கு மால போடுறது தப்பா?”

நான் திட்டத் திட்ட வேலை ஆரம்பமாகிவிட்டது. வேண்டாம் என்று தடுத்திருக்கலாம்தான். ஆனால் அவர்கள் இறங்கிய வேகத்தைப் பார்க்கவே வேடிக்கையாக இருந்தது. தம்பி தூத்துக்குடிக்குப் போய்வந்த களைப்போடு இரவெல்லாம் அவர்களோடு நட்டு முடுக்கினான். காலையில் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தபோது நானே ஒரு கணம் ஏமாந்தேன். முன்னால் சம்பங்கி மாலை, நம்பரை மூடிக்கொண்டு தழையத் தழையத் தொங்கியது.

பெண் வீட்டார் மூன்று பேராக ஆட்டோவில் வந்தார்கள். பெண் எளிமையான ஒரு சுடிதாரில் இருந்தாள். “வணக்கம்க்கா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கைகளில் வெட்கம் இல்லை, உறுதி இருந்தது. வீட்டைப் பார்த்தார்கள், காப்பி குடித்தார்கள். பிறகு வண்டிக்கு வந்தோம். ரசிகர்கள் எதிர்க் கடைக்குப் பேப்பர் படிக்க வந்தவர்கள்போல நின்றார்கள். ஒருத்தர் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

பெண்ணின் அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். நாயைப் பார்த்தார், கிளியைப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முன்பக்கம் வந்து நின்று, ஒற்றை விரலால் மாலையை ஒதுக்கினார்.

“தம்பி, போட்டோல இருந்த நம்பர் இது இல்லையே?”

“இல்லைங்கய்யா” என்றான் தம்பி. அதற்குமேல் பொய் சொல்ல அவனுக்கு வராது.

“நானும் ராணுவத்துல வண்டி ஓட்டுனவந்தான். வரிசையா போவோம். அம்புட்டு வண்டியும் ஒரே பச்ச. நம்பரு தான் அதுக்குப் பேரு. அதான் மொதல்ல நம்பரப் பாப்பேன்.”

முடிந்தது என்று நினைத்தேன். பெண்ணின் அம்மா, “ஆரம்பமே பொய்யா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னால் பொறுக்க முடியவில்லை. எஃப்.சி.யிலிருந்து மாலை வரை நடந்ததெல்லாம் படபடவென்று கொட்டித் தீர்த்தேன். “ஏமாத்தணும்னு செய்யல அண்ணாச்சி. அவன் வண்டியத் தவிர அவன்கிட்ட நல்லதா காட்டுறதுக்கு எதுவும் இல்லன்னு நெனச்சுட்டான்” என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் காரணம் அதுவரை எனக்கே தெரியாது.

பெண்தான் பேசினாள். “அப்ப நெச வண்டி எங்க நிக்கி? அதப் பாக்கத்தான வந்தேன்.”

பட்டறை பக்கத்துத் தெருவில்தான். எல்லாருமாக நடந்து போனோம். ரசிகர்கள் பேப்பரை மடித்துவிட்டுப் பின்னாலேயே வந்தார்கள். மொட்டை வண்டியின் முகப்பில் நட்டு கழற்றிய ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. தம்பி தலையைக் குனிந்துகொண்டான். பெண் அதையெல்லாம் பார்க்கவே இல்லை. நேராகக் கதவைத் திறந்து, கைப்பிடியைப் பிடித்து மேலே ஏறிவிட்டாள். என்னதான் பார்க்கிறாள் என்று நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மறுபக்கம் ஏறினேன்.

அவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. சீட்டுக்குப் பின்னால் இருந்த திரையை விலக்கினாள். டிரைவர் படுப்பதற்கான பலகை மெத்தை இருந்தது. அதன் கால்மாட்டில், மெத்தையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய இரும்புப் பெட்டி.

“இது என்ன பெட்டி?”

“விளக்குக்கெல்லாம் பேட்டரி. பாட்டுக்கு ஆம்ப்ளிபயர்” என்றான் தம்பி, கீழே நின்றபடி. “உள்ள இருக்கதால இத மட்டும் கழட்டல.”

“அப்ப கால எங்க வைப்பீங்க?”

தம்பி தன் காலைப் பார்த்துக்கொண்டான். நல்ல உயரம் அவன். கேரளா, ஆந்திரா, எங்கே போனாலும் இந்த அரை மெத்தையில்தான் மடங்கிக் கிடந்திருக்கிறான். வண்டியைப் படம் எடுத்தவர்கள், பக்கத்தில் நின்று பெரிய ஆள் ஆனவர்கள், ஆயிரம் கேள்வி கேட்கிற நான், ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை.

“எங்கப்பா லீவுல வந்தா கட்டில்ல சுருண்டுதான் படுப்பாக” என்றாள் அவள். “அம்மா காலப் புடிச்சு நீட்டி விடுவா. பொறவும் மடங்கிரும். இப்பவும் அப்படித்தான். வண்டிக்காரர்னு சொன்னதும் இதத்தான் பாக்கணும்னு தோணுச்சு.”

பெண்ணின் அம்மா கீழே கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரும் சொல்லாமலே ஃபிட்டர் ஸ்பேனரோடு ஏறினார். செல்போன் கடைக்காரர் வயர்களைப் பிடுங்கினார். இத்தனை வருடம் அவர்களைச் சிலிர்க்க வைத்த வெளிச்சமெல்லாம் அந்தப் பெட்டியிலிருந்துதான் வந்தது. இரண்டு பேரும் முக்கி முனகி அதை இறக்கினார்கள்.

“இப்பப் படுத்துப் பாருங்க” என்றாள் பெண்.

அவன் கூச்சத்தோடு ஏறிப் படுத்தான். முழங்கால் மடங்கியே இருந்தது. “நீட்டுங்க” என்றாள். மெல்ல நீட்டினான். பாதம் கேபின் சுவரைத் தொட்டது. அவன் மூச்சு ஒன்று நீளமாக வெளியே வந்தது. ஏதோ பேசப் போகிறான் என்று நாங்கள் காத்திருந்தோம். பார்த்தால், தூங்கிவிட்டான். சம்பந்தம் பேச வந்த வீட்டார் அத்தனை பேரும் நிற்க, மாப்பிள்ளை வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான்.

எனக்கு மானம் போயிற்று. “ஏலே, எந்திரிலே” என்று கையை நீட்டினேன்.

பெண்ணின் அப்பா என்னைத் தடுத்தார். “எழுப்பாதீக. நாள் பாக்குறத வீட்ல போயி பேசிக்குவோம்” என்றார், குரலை இறக்கி. நான் இறங்கியதும் கேபின் கதவைச் சத்தம் வராமல் சாத்தினார். பக்கத்தில் தகரம் தட்டிக்கொண்டிருந்தவனை நிறுத்தச் சொல்ல செல்போன் கடைக்காரர் ஓடினார்.

பெண் ஜன்னல் வழியாக என் பக்கம் தலையை நீட்டினாள். காலையிலிருந்து என்னை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், “மதினி, இங்கன ஒரு தலகாணி கிடைக்குமா?” என்றாள்.

லாரிப் பட்டறையில் தலையணைக்கு எங்கே போவது. நான் தேடிக்கொண்டு தெருவுக்கே ஓடினேன்.