டில்ஷானி நிறுத்திய இடம்

கொட்டாஞ்சேனை பிளட்ஸ் தொடர்மாடியில் டில்ஷானிக்கு 'கெம்பஸ் அக்கா' என்று பெயர். நாற்பதை நெருங்கும் வயதில் பட்டப்படிப்புக்குப் போனவளுக்கு அயலவர்கள் கேலியாக வைத்த பெயர்தான். அவளோ அயல் வீடுகளில் தானே அதைச் சொல்லிக் கதவு தட்டத் தொடங்கினாள். அதோடு கேலிக்கு வேலையில்லாமல் போயிற்று.

அதற்கு முன்னர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கப்பல் கம்பனியொன்றில் கிளார்க். மகள் பள்ளிக்கூடம் முடித்த வருடம் வேலையை விட்டாள். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில் உள்ள சின்ன லூத்தரன் பல்கலைக்கழகத்தில் சமூகவியலுக்குச் சேர்ந்தாள். "கத்தோலிக்கப் பிள்ளை லூத்தரன்காரங்ககிட்ட என்னத்தப் படிக்கப் போகுது?" என்று மாதா கோயில் வாசலில் ஒருவர் கேட்டபோது, "அவங்கதான் என்னைய எடுத்தாங்க அங்கிள். வேணும்னா நீங்க பாப்பரசருக்கு எழுதிப் போடுங்க" என்றாள்.

பல்கலைக்கழகம் என்றால் மூன்று மாடிகள்தாம். கீழே சாப்பாட்டு மண்டபம், நடுவில் வகுப்பறைகள், மேலே சிற்றாலயம். கரையோர ரயில் போகும்போது விரிவுரை நிற்கும். போனதும் விட்ட சொல்லிலிருந்தே தொடரும். காலையில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால், மத்தியானம் அவருக்குக் கஞ்சி தனியாக வைத்திருப்பார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. இறுதியாண்டு ஆய்வைப் பூட்டிய அறைக்குள் வைத்து விசாரிப்பதில்லை. சாப்பாட்டு மண்டபத்தில், எல்லார் முன்னிலையிலும் நடக்கும். சமையலறையில் இருப்பவர்கள்கூடக் கேள்வி கேட்கலாம். தொடங்குமுன் ஆய்வு செய்தவரே கிறிஸ்து கற்பித்த செபத்தைச் சொல்லித் தொடக்க வேண்டும். இந்துப் பிள்ளைகள் என்றால் கொஞ்ச நேரம் மௌனம்.

டில்ஷானியின் ஆய்வு அவளுடைய பிளட்ஸைப் பற்றியது. ஒக்டோபர் செபமாலை மாதம். ஒவ்வொரு பின்னேரமும் செபமாலை ஒவ்வொரு வீட்டுக்குப் போகும். கத்தோலிக்கரோடு மெதடிஸ்தக் குடும்பமொன்றும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய இந்துக்களும் வந்து பாயில் உட்காருவார்கள். மாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் செபத்தைத் தொடங்க, மற்றவர்கள் மிச்சத்தைப் பதிலாகச் சொல்வார்கள். கூடிச் செபிக்கும்போது தொகையில் குறைந்தவர்கள் தங்களை அறியாமலே பெருந்தொகையினரின் வழக்கத்துக்குள் போய்விடுகிறார்கள் என்பது அவள் கண்ட முடிவு. சித்தியடைந்தால் பட்டம். தவறினால் இன்னொரு வருடம். புருஷன் ரொனியின் ஓட்டோவில் ஓடிக்கொண்டிருக்கும் வீடு இன்னொரு வருடத்தைத் தாங்காது.

அந்த ஒக்டோபர் பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. வகுப்பில் அவளுக்குப் பக்கத்துக் கதிரைக்காரனான கிஷாந்த் குனிந்து கேட்டான்: "அக்கா, கால் நடுங்குதோ?"

"போடா. கஸ்டம்ஸ்காரங்களோட வருஷக்கணக்கா மல்லுக்கட்டினவ நான்."

எழுந்து முன்னால் போனாள். கண்ணை மூடிச் செபத்தைத் தொடக்கினாள். மண்டபம் அவளோடு வந்தது. தீமையிலிருந்து காக்கும்படி கேட்கும் வரி முடிந்ததும், "ஆமென்" என்று தலையை நிமிர்த்தினாள்.

கத்தோலிக்கருக்கு அங்கே செபம் முடிந்துவிடும். லூத்தரன்காரருக்கு 'இராச்சியமும் வல்லமையும் மகிமையும் உம்முடையவையே' என்று இன்னும் ஒரு வரி இருக்கிறது. பாதிப் பேர் அவளோடு நின்றுவிட்டார்கள். மற்றப் பாதிப் பேர் அந்த வரிக்குள் போய், தாங்கள் தனித்துவிட்டதை உணர்ந்து, ஒருவர் பின் ஒருவராகத் தேய்ந்தார்கள். கடைசியில், விரிவுரையாளரும் சிற்றாலயப் போதகருமான ஒஸ்வால்டின் குரல் மட்டும் அந்த வரியைத் தன்னந்தனியாகக் கரை சேர்த்தது.

கிஷாந்த் வாயைப் பொத்திக்கொண்டான்.

முதல் கேள்வி சுபோதினியிடமிருந்து வந்தது. சுபோதினி யாழ்ப்பாணத்து இந்து. இங்கே படிப்பிக்க வந்து சிற்றாலயப் பாட்டுகளையெல்லாம் மனப்பாடம் செய்தவர். ஆய்வில் ஓட்டை இருந்தால் விரலை நேரே அதில்தான் வைப்பார்.

"டில்ஷானி, நீங்கள் கிழமைக்குக் கிழமை எங்களோட ஆலயத்தில நிக்கிறனீங்கள். அந்தக் கடைசி வரியைச் சொல்லுறனீங்களோ?"

"ஓம் மிஸ். எப்பவும் சொல்லுவேன்."

"நானும் சொல்லுறனான். பிறகேன் இண்டைக்கு நிப்பாட்டினீங்கள்?"

மண்டபம் சிரித்தது. சுபோதினி சிரிக்கவில்லை.

"இதுக்குள்ள கத்தோலிக்கரை விரல் விட்டு எண்ணலாம். உங்கட முடிவின்படி நீங்கள் எங்கட வழிக்கு வந்திருக்கவேணும். வரேல்லை. பாதிச் சனம் உங்கட வழிக்கு வந்திட்டுது. இப்ப சொல்லுங்கோ, உங்கட முடிவு நிக்குதோ, விழுகுதோ?"

அப்போது ரயில் வந்தது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. எல்லாரும் வழக்கம்போலக் காத்திருந்தார்கள். 'பதட்டம் எண்டு சொல்லுங்கோ' என்று கிஷாந்த் சத்தமில்லாமல் வாயசைத்தான். அப்படிச் சொன்னால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள் என்று டில்ஷானிக்கும் தெரியும். ஆனால் அவளுக்குப் பதட்டமே இருக்கவில்லை. முன்னால் நின்றதும், யோசிக்காமல், வீட்டில் சொல்வதுபோலவே செபத்தைச் சொல்லி முடித்திருந்தாள்.

கடைசிப் பெட்டியும் போனது.

"விழுகுது மிஸ்" என்றாள்.

சுபோதினியைப் பார்த்தே தொடர்ந்தாள்.

"பின்வரிசையில நிக்கும்போது நான் உங்களோட வாறேன். முன்னால விட்டா எங்கம்மா சொல்லித்தந்த இடத்தில நிப்பாட்டுறேன். அப்போ எத்தின பேர் எண்டது இல்ல மிஸ், ஆரு தொடங்குறாங்க எண்டதுதான் விஷயம். எங்கட பிளட்ஸ்ல எப்பவும் கத்தோலிக்க ஆக்கள்தான் தொடங்குவாங்க. மத்தவங்களத் தொடங்கச் சொன்னா என்ன நடக்கும் எண்டு நான் பாக்கவே இல்ல."

"ஏன் பாக்கேல்லை?"

"எங்கட வீட்டுச் செபம்தானே எண்டு நினைச்சிட்டேன்."

சுபோதினி பேனையை மூடி வைத்தார். விரிவுரையாளர்கள் மேல்மாடிக்குப் போய்க் கதைத்துவிட்டு வரும்வரை தேநீர் ஊற்றினார்கள். டில்ஷானி தன் கோப்பையை ஆறவிடாமல் குடித்து முடித்தாள். பொய் சொல்லவில்லை என்பதில் ஒரு தெம்பு இருந்தது.

ஒஸ்வால்ட் இறங்கி வந்து அறிவித்தார். "கடைசி அத்தியாயத்தைத் திரும்ப எழுதவேணும். இப்ப சொன்னதை ஊகமா எழுதாம, பாத்து எழுதவேணும். அடுத்த மாசத்துக்குள்ள தந்தா சித்தி. இல்லாட்டி அடுத்த வருஷம்." பிறகு குரலைத் தாழ்த்தினார்: "தனியாப் பாட வச்சிட்டீங்களே பிள்ளை."

"உங்கட குரல் நல்லாத்தான் இருந்திச்சு ஃபாதர்."

வாசலில் ரொனி ஓட்டோவோடு நின்றான். "என்ன, பாஸா?"

"பாதி பாஸ். மிச்சம் பிளட்ஸ்ல கிடக்கு. செபமாலை மாசம் முடியப்போகுது, கெதியா எடு."

அன்றைக்குச் செபமாலை அவர்கள் வீட்டு முறை. பாய் விரித்தாயிற்று, மாதாவின் முன் மெழுகுதிரி ஏற்றியாயிற்று. கீழ்மாடி அன்னபாக்கியம் வழக்கம்போலக் கதவோரத்தில், திருநீற்று நெற்றியோடு உட்கார்ந்திருந்தார். வருடக்கணக்காக வருகிறவர். பதில் செபம் முழுக்கத் தெரியும். ஒருநாளும் தொடங்கியதில்லை. மாலையின் முதல் பத்து மணிகளுக்கான செபத்தை ரொனி சொல்லி முடித்ததும், டில்ஷானி செபமாலையை வாங்கி அவரிடம் நீட்டினாள்.

"அடுத்த பத்து மணி நீங்க தொடங்குங்க அக்கா."

"நானோ? பிழை விட்டிடுவன் பிள்ளை."

"விடுங்க. நானும் இண்டைக்குப் பெரிய சபையில விட்டுட்டுத்தான் வந்தேன்."

அன்னபாக்கியம் செபமாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இரண்டு கையையும் தலைக்கு மேல் ஒருமுறை கூப்பி இறக்கினார். பிறகு தொடங்கினார். சொல்லெல்லாம் மாதாவுக்கு உரியவைதாம். ஆனால் சிவன் கோயிலில் பதிகம் பாடுவதுபோல ஒவ்வொரு சொல்லையும் நீட்டி, கடைசியில் ஒரு வளைவு வளைத்தார்.

முதல் மணிக்கு அறை தன் பழைய வேகத்தில் பதில் சொன்னது. இரண்டாம் மணியில் தடுமாறியது. மூன்றாம் மணியில், மாதா கோயில் பாடகர் குழுவில் நிற்கும் ரொனியே பதிலை நீட்டிவிட்டான். அதன்பிறகு அறை முழுக்க அந்த வளைவிலேயே போயிற்று.

டில்ஷானி வாயைத் திறக்காமல் இருந்தாள். ரொனி முழங்கையால் இடித்தான். "ஏய், பதில் சொல்லு."

"நீ சொல்லு. எனக்குக் கேக்கணும்."