எலிக்குட்டிகளும் என் தங்கை மகளும்

பழனிசெட்டிபட்டியில் நான் குடிவந்த புதிதில், வீட்டு ஓனரம்மா படியேறி வந்து, "ஏம்மா, எலிக்கு மருந்து குடுக்குற வேலைன்னு சொன்னாக. நம்ம மாடியில ஒண்ணு ஓடுது, கொஞ்சம் வந்து பாக்குறியா?" என்று கேட்டார். நான் எலியைக் கொல்லும் வேலையில் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவருக்குப் புரியவில்லை. கால்நடை மருத்துவம் படித்தவள் மாட்டைப் பார்க்காமல் எலியை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்பது என் அம்மாவுக்கே கடைசிவரை புரியவில்லை. விளக்கி விளக்கி எனக்கு அலுத்துவிட்டது.

தேனிக்கு வெளியே, புது மருந்துகளைச் சோதிக்கும் சின்ன ஆய்வுக்கூடம் எங்களுடையது. குழந்தைகளுக்குக் கொடுக்கப்போகும் மருந்தை முதலில் எலிக்குட்டிகளுக்குக் கொடுத்துப் பார்ப்போம். வளர்ந்த உடம்புக்கு நோயோடு சண்டைபோடத் தெரியும். புதிதாகப் பிறந்த உடம்பு அதை இனிமேல்தான் பழகவேண்டும். பழகுகிற அந்த நேரத்தில் எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மருந்து உள்ளே போனால், மருந்தை நிறுத்திய பிறகாவது அந்தச் சக்தி ஒழுங்காக வளருமா? கேள்வி அவ்வளவுதான். பதிலுக்குத்தான் குட்டிகள் வளரும்வரை காத்துக்கிடக்க வேண்டும்.

அதே கேள்வி என் தங்கை வீட்டுக்கும் வந்தது. அவள் உத்தமபாளையத்தில் இருக்கிறாள். அவள் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. காலையில் எழுந்தால் முகம் வீங்கிக் கண் திறக்காது. சிறுநீரகத்தில் கோளாறு, புரதமெல்லாம் சிறுநீரில் போகிறது என்றார்கள். ஸ்டீராய்டு கொடுத்தால் வடியும், நிறுத்தினால் மறுபடி வீங்கும். கடைசியில் மதுரை டாக்டர் வேறொரு மருந்தைச் சொன்னார். அது எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து. வீக்கத்துக்குக் கேட்கும், ஆனால் இவ்வளவு சின்னப் பிள்ளைக்குப் பின்னால் என்ன ஆகும் என்று முழுசாகத் தெரியாது என்றும் சொல்லிவிட்டார்.

"அக்கா, நீ எங்கூட மதுரைக்கு வா. நீ சரின்னு சொன்னா குடுக்குறேன்," என்றாள் தங்கை.

வருகிறேன் என்றுதான் சொன்னேன். அதற்குள் ஆய்வுக்கூடத்தில் ஒரு காரியம் நடந்துவிட்டது.

குட்டிகளைத் தொடும் முன் எங்களுக்கு ஒரு முறை உண்டு. கையுறை போட்டதும், தாய் எலி படுத்திருக்கும் மரப்பொடியை அள்ளி இரண்டு கையிலும் நன்றாகத் தேய்த்துக்கொள்ள வேண்டும். வேற்று வாசனை ஒட்டிய குட்டியைத் தாய் சேர்க்காமல் போகலாம். அதனால் பூ, பவுடர், வாசனைச் சோப்பு எதுவும் கூடாது. எங்கள் டெக்னீஷியன் போடிக்காரி, என் வயசுதான், கை சுத்தமான வேலைக்காரி. ஆனால் அது ஏலக்காய் வரத்து நேரம். வீட்டில் விடியற்காலையிலேயே எல்லோரும் உட்கார்ந்து காய் தரம் பிரித்துவிட்டுத்தான் அவள் பஸ் ஏறுவாள். அந்தக் கையோடு கையுறையை எடுத்து மாட்டினாள். பொடியைத் தேய்த்தும் ஏலக்காய் வாசனை போகவில்லை. பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் போடி ஊர்க்காரர்கள்தான். அவர்கள் மூக்குக்கு ஏலக்காயெல்லாம் ஒரு வாசனையா? யாருக்கும் தெரியவில்லை. தாய் எலிக்குத் தெரிந்துவிட்டது. குட்டிகளை மூலைக்குத் தள்ளிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. மதியம் நான் போய்ப் பார்த்தபோது எல்லாம் சில்லிட்டுக் கிடந்தன.

அவள் தேம்பித் தேம்பி அழுதாள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "மேடம், நீங்க தனி ஆளு. பூ வைக்க மாட்டீங்க, சமையலும் பெருசா இல்ல. இனிமே குட்டிகள நீங்க ஒருத்தரே தொடுங்க," என்றார். மனுஷன் நல்ல விதமாகத்தான் சொன்னார். நானும் ஈயென்று இளித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் பாத்திரத்தையெல்லாம் தூக்கிப் போட்டு உடைக்காத குறை. எனக்கென்று ஒரு வீட்டின் வாசனை இல்லை என்பது ஒரு தகுதியாம்! சீ!

மற்றக் குட்டிகளுக்கு மருந்து தினமும் கொடுக்கவேண்டும், ஒரு நாளும் விடக்கூடாது. மதுரைக்குப் போக முடியவில்லை. தங்கை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு போன் செய்தாள்.

"சரி, போன்லயாவது சொல்லு. குடுக்கவா, வேண்டாமா?"

நான் சோதித்துக்கொண்டிருந்தது வேறு மருந்து. அதன் பேர்கூட எங்களுக்குத் தெரியாது, ஒரு நம்பர்தான். "டாக்டர் சொல்றதக் கேளுடி. பின்னாடி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது," என்றேன்.

"ஊரு உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் சோதிக்கிற. எம்பிள்ளைக்கு மட்டும் தெரியாதாக்கும்," என்று வைத்துவிட்டாள்.

மருந்தைக் கொடுத்தார்கள். முகம் வடிந்தது, பிள்ளை நடக்க ஆரம்பித்தாள். ஆனால் கூட்டத்துக்குக் கூட்டிப்போகக் கூடாது, அம்மை கண்ட வீட்டுப் பக்கம் போகக் கூடாது, சில தடுப்பூசிகளைத் தள்ளிப்போட வேண்டும். ஒருநாள் தங்கை தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "கொஞ்ச நாளைக்கு நீயும் வீட்டுக்கு வராதக்கா. தப்பா நெனைக்காத. நீ எலியோட கெடக்கிறவ."

"அடியே, உம் மாமியா வீட்டுச் சனத்தவிட என் எலி சுத்தம்டி!" என்று கத்திவிட்டேன். நான் சொன்னது உண்மை. குளித்து, உடை மாற்றி, காற்றைக்கூட வடிகட்டித்தான் எங்களை உள்ளே விடுவார்கள். ஆனால் உண்மையைச் சொல்லி என்ன பிரயோசனம்? அதன்பிறகு பிள்ளையைப் போனில்தான் பார்த்தேன். "பெரிம்மா" என்று திரையைப் பிடித்து இழுப்பாள், அவள் முகம் போய் வீட்டுக் கூரை தெரியும். போனை வைத்ததும் வீடு அப்படியே கிடக்கும். அழுகையாக வரும். அழுவேன், வேறென்ன செய்ய.

குட்டிகள் வளர்ந்தன. வளர்ந்ததும், தீங்கு செய்யாத ஒரு அந்நியப் புரதத்தை ஊசியில் போட்டு, அதை உடம்பு எதிர்க்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தோம். மருந்து குடிக்காத எலிகள் எவ்வளவு எதிர்த்தனவோ, மருந்து குடித்தவையும் அவ்வளவு எதிர்த்தன. பிறகு உள்ளே பார்த்தோம். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் இருக்கும், சின்ன வயதில் எதிர்ப்புச் சக்தி பழகுகிற இடம். அது நல்ல அளவில், வெளுத்து, ஒழுங்காக இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. எங்கள் வேலையில் இதைவிட நல்ல செய்தி கிடையாது. வெளியே சொல்லவும் கூடாது.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்துவிட்டு, கம்பம் பஸ் ஏறி உத்தமபாளையத்தில் இறங்கினேன். சாயங்காலம் நான்கு மணி வெயில். தங்கை கம்பிக் கதவுக்கு உள்ளே வந்து நின்றாள். திறக்கவில்லை. "பாப்பா தூங்குறாக்கா," என்றாள். பிறகு, "உன் குட்டிகளுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன்.

"நல்லா வளந்துச்சுக. ஒரு கொறையும் இல்ல. ஆனா அது வேற மருந்துடி. அத வச்சு உம்பிள்ளைக்கு ஒண்ணும் சொல்ல முடியாது."

"உள்ள நல்லா இருக்குன்னு எப்படிப் பாத்தீக?"

"அறுத்துப் பாத்தோம்."

அவள் வாயில் கைவைத்துக்கொண்டாள். "அப்ப எம்பிள்ளைக்கு?"

"ரத்தத்துல கொஞ்சம் தெரியும். மிச்சம் வளர வளரத்தான்."

"அதுவரைக்கும்?"

"தெரியாது."

திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். "எல்லாரும் ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுங்கறாக. எங்க வீட்டுக்காரரும் அதத்தான் சொல்றாரு. நாந்தான் ஒத்தையில பயந்து சாகுறேன். நீயாவது தெரியாதுன்னு சொல்றியே," என்று அவள் உடைந்து அழுதாள். கம்பிக்கு வெளியே கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் இறுகப் பிடித்தேன். எத்தனை மாசம் ஆகியிருந்தது, ஒரு மனுஷர் என்னைத் தொட்டு!

உள்ளே பிள்ளை முழித்து அழுதாள். தங்கை என் கையை விட்டுவிட்டு ஓடினாள். நேராகப் பிள்ளையிடம் போகவில்லை. குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, என்னைப் பிடித்திருந்த கையை முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு அப்புறம்தான் பிள்ளையைத் தூக்கினாள். அவள் செய்தது சரி. என்னைக் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பேன்.